விசா யன்னலுக்கு அடுத்த கதவு

அத்தியாயம் 7: வெளிநாட்டு வர்த்தக அலுவலகங்களில் மாணவர் பயிற்சி

"எம்பசியில ட்ரெய்னிங் கிடைச்சிருக்கு" என்று வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், அன்று பின்னேரமே மூன்று பேர் போன் எடுப்பார்கள். ஒருவர் வாழ்த்துவார். ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். மூன்றாவது ஆள் அநேகமாக ஒரு மாமி. சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியில் குரலைத் தணிப்பார்: "பிள்ளை, மச்சானின்ர விசா ஃபைல் என்ன மாதிரி இருக்கெண்டு ஒருக்கால் பார்க்கேலுமோ?"

பார்க்க ஏலாது. பார்க்கவும் கூடாது. இந்தப் பதிலை முதல் நாளே சொல்லிப் பழகாதவர்கள் ஆறு மாதமும் மாமிகளுக்கு ஒளித்துத் திரிய வேண்டியிருக்கும். விசாப் பகுதியும் வர்த்தகப் பகுதியும் ஒரே மதிலுக்குள் இருந்தாலும் இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. பல நாடுகள் விசா விண்ணப்பங்களை வாங்குவதையே வேறு கட்டடத்தில் ஒரு தனியார் நிறுவனத்திடம் விட்டுவிட்டன. பயிற்சி முடித்த பிள்ளைக்கு அந்த நாட்டுக்குப் போகத் தனிச் சலுகை கிடைக்கும் என்பதும் கொழும்பின் நீண்டநாள் நம்பிக்கை. வர்த்தகப் பிரிவொன்றில் உள்ளூர் உத்தியோகத்தராகப் பல வருடம் இருந்தவள் நான். அப்படிப் போன ஒருவரையும் கண்டதில்லை.

பிறகு ஏன் போக வேண்டும்?

அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டு அடுப்படி அலுமாரியைத் திறந்து பாருங்கள். மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தது. பால்மா நியூசிலாந்து. பெரிய வெங்காயம் இந்தியா. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது கொழும்பில் விலை என்ன பாடுபட்டது என்று அம்மாவுக்கு நினைவிருக்கும். 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன் விடுவித்தார்கள். மே மாதம் தடையே நீங்கியது. கடைக்காரர் "இறங்கிற்றுது" என்று சொல்வதற்குப் பின்னால் இரண்டு அரசாங்கங்களுக்கிடையே ஓடிய கடிதங்கள் உண்டு. அவற்றில் ஒரு பங்கு வர்த்தக அதிகாரிகளின் மேசையில் எழுதப்பட்டது.

வர்த்தக மேம்பாட்டு அலுவலகம் என்பது ஒரு நாட்டு அரசு, தன் வியாபாரிகளுக்கு அயல்நாட்டில் சரக்கு விற்க வழி திறந்துவிட வைத்திருக்கும் இடம். சில நாடுகள் அதைத் தூதரகத்துக்குள்ளே வைத்திருக்கின்றன, சில தனி அமைப்பாக நடத்துகின்றன. ஜப்பானின் ஜெட்ரோ 1958இல் தொடங்கியது, தென் கொரியாவின் கொட்ரா 1962இல். அவுஸ்திரேலியாவின் ஒஸ்ட்ரேட் 1986 முதல் இயங்குகிறது. பிரித்தானியாவில் இந்த வேலை 2023 பெப்ரவரியிலிருந்து வணிக, வர்த்தகத் திணைக்களத்தின் கையில். கனடா 1894இலேயே ஓர் ஆளைச் சிட்னிக்கு அனுப்பி இந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டது. பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான்: தன் நாட்டு விற்பனையாளருக்கு இங்கே வாங்குபவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. இங்குள்ளவர்களுக்கு அங்கே வாங்குபவரைத் தேடித் தருவதையும் சில அலுவலகங்கள் செய்யும், ஆனால் அது இரண்டாம் இடத்தில்தான். இதை மறந்துவிட்டு நேர்முகத்தில் "இலங்கை ஏற்றுமதியை வளர்க்க விரும்புகிறேன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நல்ல எண்ணம். தட்டிய கதவுதான் பிழை. அவர் தட்டியிருக்க வேண்டியது நவம் மாவத்தையில்.

எந்தக் கதவு

நவம் மாவத்தையில் இருப்பது இலங்கை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை. 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதே தெருவில்தான் 1839இல் தொடங்கிய இலங்கை வர்த்தக சம்மேளனமும் இருக்கிறது. வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு இது கையெட்டும் தூரம். எல்லா இடமும் நிற்கும் ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, மூன்றாவது கொம்பனித்தெரு. அங்கே இறங்கி பேரை வாவிப் பக்கம் நடந்துவிடலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர்கள் கோட்டைக்கு வந்து மாற வேண்டும். காலையில் அந்த மாற்றத்துக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு கதவு வொக்ஸோல் வீதியிலுள்ள வர்த்தகத் திணைக்களம். வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களின் வர்த்தகப் பிரிவுகளுக்கு அதிகாரிகள் இங்கிருந்துதான் போகிறார்கள். இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் சரக்கு அனுப்புவோருக்கு உற்பத்தி மூலச் சான்றிதழ் தருவதும் இந்தத் திணைக்களமே. புறக்கோட்டையில் அதைச் "சி.ஓ." என்பார்கள். ஒரு சி.ஓ. விண்ணப்பத்தை அருகிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை படித்த சர்வதேச வணிகம் ஒரே தாளில் விளங்கும். பொருளின் பெறுமதியில் எத்தனை வீதம் இலங்கையில் சேர்ந்தது, பொதுவிதிப்படி அது 35 வீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது. எல்லாம் அங்கே கேட்கப்படும்.

மிச்சக் கதவுகள் வெளிநாடுகளுடையவை. இந்திய உயர்ஸ்தானிகராலயம் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் வாசலால் போகும். பிரித்தானியா பௌத்தாலோக மாவத்தையில், அவுஸ்திரேலியா கிரகரி வீதியில். இவற்றில் எது, எப்போது மாணவரை எடுக்கும் என்பது ஆண்டுக்காண்டு மாறும். அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் எல்லாருக்கும் திறந்தவை அல்ல. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் மாணவர் பயிற்சித் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உரியது. விண்ணப்பப் படிவத்தில் முதலில் வாசிக்க வேண்டிய வரி குடியுரிமை பற்றியது. அதைக் கடைசியாக வாசித்து ஒரு கிழமையை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்து அம்மம்மா வீட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். சுற்றுலா விசாவில் இறங்கிவிட்டு, "சும்மாதானே, சம்பளமில்லையே" என்று பயிற்சியில் சேர்ந்துவிடாதீர்கள். எந்த விசா வேண்டும் என்று சேரும் அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு, பதில் கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

விண்ணப்பம்

ஒரு பக்க சுயவிபரம், ஒரு பக்கக் கடிதம், பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனத்தின் அனுமதிக் கடிதம். அதற்கு மேல் அனுப்பினால் யாரும் வாசிப்பதில்லை. கடிதத்தில் "எந்தத் துறையிலும் வேலை செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். ஒரு துறையைச் சொல்லுங்கள், அதில் ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். "தும்புப் பொருட்கள் உங்கள் நாட்டுத் தோட்டக்கலைக் கடைகளில் எந்தப் பெயரில் விற்கின்றன என்று தேடிப் பார்த்தேன்" என்று தொடங்கிய கடிதம் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. அன்றைக்கே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டோம்.

மொழி என்ற இடத்தில் நம் பிள்ளைகள் ஒரு பிழை விடுகிறார்கள். ஆங்கிலத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒரு மூலையில் வைப்பார்கள். சிலர் எழுதுவதேயில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறார்கள். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம் இறக்கும் முதலாளியுடன் தமிழில் பேசி, அதே மூச்சில் சுங்கத்திலுள்ள உத்தியோகத்தருடன் சிங்களத்தில் பேசக்கூடியவர் அங்கே ஒருவரோ இருவரோதான். மூன்று மொழியையும் ஒரே வரியில், அளவாக, பொய் சொல்லாமல் எழுதுங்கள். சிங்களம் "பஸ்ஸில் இறங்கிற அளவுக்கு" என்றால் அப்படியே சொல்லுங்கள். நேர்முகத்தில் எப்படியும் தெரிந்துவிடும்.

பாதுகாப்புச் சரிபார்ப்புக்கு நாள் எடுக்கும். சில இடங்களில் வாரங்கள். தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலர் சான்று, சில வேளை பொலிஸ் கிளியரன்ஸ் றிப்போர்ட்டும் கேட்பார்கள். அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசமும் வெள்ளவத்தையில் வாடகை அறையுமாக இருப்பவர்கள் இரண்டு விலாசத்தையும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிவத்திலும் அதே தாளைப் பார்த்து நிரப்பினால் திகதிகள் முரண்படாது. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறினால் குறை சொல்லாதீர்கள். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்கு விலாசப் பதிவு வேறொரு பொருள் தரும். அவர்களோடு இருந்து பொறுமையாகச் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள்.

முதல் வாரம்: எண்கள்

முதல் நாள் யாரும் உங்களைத் தூதுவருக்கு அறிமுகம் செய்ய மாட்டார்கள். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு என்குவாரி தருவார்கள். என்குவாரி என்பது வாங்கவோ விற்கவோ ஆள் தேடும் வியாபாரியின் கேள்வி. அந்த என்குவாரிக்குள் நுழைய ஒரு சாவி வேண்டும். அது எச்.எஸ். குறியீடு. உலகச் சுங்கங்கள் எல்லாம் பொருட்களுக்கு வைத்திருக்கும் பொது எண். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ளும்.

தேயிலையை எடுங்கள். 0902. அதில் 0902.30 என்பது மூன்று கிலோவுக்கு மேற்படாத பொதிகளில் போகும் கறுப்புத் தேயிலை, 0902.40 அதைவிடப் பெரிய பொதிகளில் போவது. ஒன்று கடைத் தட்டுக்குப் போகும் பெட்டி. மற்றது அங்கே யாரோ வேறு நாட்டுத் தேயிலையுடன் கலந்து தன் பெயரில் விற்கப்போகும் சாக்கு. இலங்கையில் நெடுங்காலமாக அரசியல்வாதிகள் பேசும் "பெறுமதி சேர்ப்பு" என்ற சொல் இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரம்தான். ஒரு நாடு இலங்கையிடம் இந்த இரண்டில் எதை எவ்வளவு வாங்குகிறது என்று பத்து ஆண்டுக்கு எடுத்து ஒரு தாளில் போடுங்கள். அதுவே உங்கள் முதல் அறிக்கை.

அடுத்தது கறுவா. 0906.11 நம்முடைய கறுவாவுக்கு மட்டுமானது. 0906.19 மற்றவை, அதாவது பெரும்பாலும் கசியா. அமெரிக்கக் கடையில் "சினமன்" என்று வாங்குவது அநேகமாகக் கசியாதான். இலங்கைக் கறுவாவை நெடுங்காலமாக அள்ளி வாங்கும் நாடு எது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இந்தியா என்பார்கள், அமெரிக்கா என்பார்கள். மெக்சிகோ என்று சொல்பவர் அரிது. 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது. இப்படி ஓர் எண்ணைப் பிடித்து இழுத்தால் வரலாறு, சட்டம், சமையல் எல்லாம் கூடவே வரும்.

இந்தக் கணக்குகளுக்கு ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக நிலையம் நடத்தும் ட்ரேட் மெப் நல்ல இடம். பதிந்துகொண்டு பயன்படுத்தலாம். ஒரு பொறியும் உண்டு. இலங்கை சொல்லும் ஏற்றுமதித் தொகையும் மறு நாடு சொல்லும் இறக்குமதித் தொகையும் ஒருபோதும் பொருந்தாது. நாம் கப்பலேற்றும் விலையை எழுதுவோம், அவர்கள் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து எழுதுவார்கள். டுபாய் வழியாகப் போனது டுபாய்க் கணக்கில் விழும். இந்தியா ஏப்ரலிலிருந்து மார்ச் வரை ஆண்டு எண்ணும். புதிதாக வந்தவர் இரண்டு மூலத்தையும் கலந்து ஓர் அட்டவணை போட்டால், பார்ப்பவருக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒரே மூலம், அதன் பெயர், எடுத்த திகதி. அட்டவணைக்குக் கீழே இந்த மூன்றும் இருக்கட்டும்.

எண் தெரிந்தவருக்குத்தான் அவசர நாளில் மதிப்பு. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தது. யூலையில் அது 30 ஆனது, ஓகஸ்டில் 20. அந்த நாலு மாதமும் ஆடைத் தொழிற்சாலைகளும் ரயர் ஏற்றுமதியாளரும் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் குறியீட்டுக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் ஏற்றிய பெட்டிக்கு? பத்திரிகைத் தலைப்பை வாசித்துவிட்டுப் பதில் சொல்லப் போனவர்கள் சங்கடப்பட்டிருப்பார்கள்.

பழைய சோனகத் தெரு

பயிற்சியில் வந்த ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, மசாலாப் பொருள் இறக்குமதியாளர் பட்டியல் ஒன்று தயாரித்தாள். இணையத்தில் கிடைத்த பழைய விபரக்கொத்தைப் பார்த்து, அழகான அட்டவணை. நானும் அவசரத்தில் பார்த்துவிட்டு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அந்த நாட்டு வியாபாரி நேரே வந்தார், த்ரீவீலர் பிடித்துக் கிராண்ட்பாஸ் போனார், ஒரு துருப்பிடித்த கேற்றின் முன் நின்று எனக்குப் போன் எடுத்தார். கம்பெனி மூடி எத்தனையோ வருடம். அந்த வெட்கத்தில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். குரலைக் கேட்காத பெயர் பட்டியலில் ஏறாது. போன் எடுத்துப் பேச வேண்டும், முடிந்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டை வியாபாரிகள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதில்லை. அதை மரியாதைக் குறைவு என்று எடுக்காதீர்கள். அவர்களுடைய அலுவலகம் வாட்ஸ்அப், அதற்கு முன் நேருக்கு நேர். பழைய சோனகத் தெருவுக்கோ நாலாம் குறுக்குத் தெருவுக்கோ காலை லொறிகள் இறக்கும் நேரத்தில் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பத்தரைக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன் போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ, போகாதீர்கள். போயா நாளையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடையில் ஹாஜியாரோ முதலாளியோ "மகள், தேத்தண்ணி குடியுங்க" என்றால் குடியுங்கள். அந்தத் தேத்தண்ணிக்குள்தான் யார் உண்மையில் இறக்குகிறார், யார் மற்றவருடைய லைசன்ஸில் ஓடுகிறார், யாருடைய காசு பிந்தும் என்ற கதை வரும். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரிந்த உலகம். ஐந்துலாம்புச் சந்தியிலிருந்து நடந்தே போய்வந்த தெருக்கள். அது ஒரு தகைமை என்று இதுவரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கேட்டதை அன்றிரவே எழுதுங்கள். யார் சொன்னது, அவர் கண்டதா, வேறு யாரோ சொல்லக் கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். கடைக்கதையை அறிக்கையில் உண்மை என்று ஏற்றிவிட்டால் ஒரு நல்ல வியாபாரியின் பெயர் கெட்டுவிடும்.

யாழ்ப்பாணச் சர்வதேச வர்த்தகச் சந்தை 2010இல் தொடங்கியது, முற்றவெளியில் நடப்பது. உங்கள் அலுவலகம் அங்கே கடை போட்டால் கட்டாயம் பேர் கொடுங்கள். மூன்று நாள் நின்று தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேடுவார்கள்.

மாமா கேட்கும் பட்டியல்

விசா கேட்கும் மாமியைச் சமாளிக்கலாம். மாமா கடினம். அவர் வியாபாரம் செய்பவர். "எந்தக் கொம்பனி தேங்காய்த் துருவல் தேடுது எண்டு உங்களுக்கு வருமாமே. எனக்கு முதலே சொன்னா என்ன, வெளியாளுக்குப் போறது எங்கட ஆளுக்கு வரட்டுமே." அவர் கேட்பதில் அவருக்குப் பிழை தெரியாது. கொழும்பு வியாபாரமே இப்படி நம்பிக்கையில், உறவில், முதலில் காதில் விழுந்த செய்தியில் ஓடுவது.

பயிற்சியில் இருக்கும் நீங்கள் மாமாவுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: என்குவாரி அனுப்பும் பட்டியலில் பதிவு செய்துகொள்ளும் வழியைச் சொல்லுங்கள். எல்லாரும் போகும் வழிதான். அவரும் வரட்டும். அதே நாளில் அதிகாரியிடம் போய், "இந்த நிறுவனம் என் தாய்மாமனுடையது, இதன் கோப்பை நான் தொடவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எழுத்தில் இருந்தால் பிறகு யாரும் விரல் நீட்ட முடியாது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கடைகளிலிருந்து பெட்டி வந்தால், அலுவலகத்தின் பரிசு விதியைக் கேட்ட பிறகே பிரியுங்கள்.

தூதரகத்துக்குள் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். விளக்க வேண்டியிருந்தது.

காசு

சில இடங்களில் உதவித்தொகை உண்டு, சில இடங்களில் போக்குவரத்துச் செலவு மட்டும், சில இடங்களில் ஒன்றுமில்லை. கேட்பதில் வெட்கமில்லை. கேட்கும் நேரம் சேர்வதற்கு முன். ரயிலில் வருபவர்கள் சீசன் டிக்கெட் எடுங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க வீட்டு நிலைமை இடம் தராவிட்டால் மூன்று மாதமாகவோ வாரத்தில் மூன்று நாளாகவோ கேளுங்கள். பகுதிநேரமாக எடுத்த பிள்ளைகள் எங்களிடம் குறைவாக வேலை செய்ததில்லை.

கையில் எடுத்து வருவது

தூதரக அதிகாரிகள் மூன்று, நான்கு ஆண்டில் மாற்றலாகிப் போவார்கள். உங்களைத் தெரிந்தவர் வேறு கண்டத்துக்குப் போன பிறகு, புதிதாக வந்தவரிடம் போய்ச் சான்றுக் கடிதம் கேட்டால் அவர் மரியாதையாக இரண்டு வரி எழுதித் தருவார், அது எதற்கும் உதவாது. ஆகவே கடைசி வாரத்துக்கு முந்திய வாரமே கேளுங்கள். நீங்கள் செய்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் துறைகள், எந்தக் குறியீடுகள், எத்தனை நிறுவனங்களை நேரில் பார்த்தீர்கள், எந்தக் கண்காட்சியில் நின்றீர்கள். வேலை நெருக்கடியில் இருக்கும் அதிகாரிக்கு அந்தத் தாள் பெரிய உதவி. பெரும்பாலும் உங்கள் வசனங்களையே கடிதத்தில் காண்பீர்கள்.

நிறுவனப் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அவை அலுவலகத்தின் சொத்து. பொதுத் தரவில் நீங்கள் எழுதிய சந்தை அறிக்கை ஒன்றை, பெயர்களை நீக்கி, அதிகாரியிடம் காட்டி, வெளியே காட்டலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கப்பல் முகவர் நிறுவனத்துக்கோ ஆடை ஏற்றுமதிக் கம்பெனிக்கோ நேர்முகத்துக்குப் போகும்போது மேசையில் வைக்க அந்த அறிக்கை போதும். முதல் பக்கத்தில் குறியீடு, மூலம், எடுத்த திகதி இருக்கிறதா என்று போகும் வழியில் ரயிலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.